தரகர் பொறுப்பிலிருந்து வீட்டை மீட்டல்

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் நாகபுரியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றிற்கு ஊரில் ஒரு பழைய வீடு உண்டு. பெரியவர்கள் காலமானபின் பூட்டிக் கிடக்கும் அவ்வீட்டை விற்றுத் தருமாறு, விடுமுறையில் செல்லும்போது ஒரு தரகரிடம் ஒப்படைத்துத் திரும்புகிறோம். ‘ஆறு மாதத்திற்கு வேறு எவரிடமும் சொல்லலாகாது’ என்று அவர் நீட்டும் தாளில் கையொப்பமும் இடுகிறோம். மாதங்கள் செல்கின்றன, வாங்குவோரும் வருவதில்லை, கடிதத்திற்குப் பதிலும் வருவதில்லை. பெண்ணின் கலியாணத்திற்கென நம்பியிருந்த தொகை முடங்கி நிற்கிறது. இந்நிலையில் தரகரை விலக்க நமக்கு உரிமை உண்டா?

உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாம் அத்தியாயம் முகவர்களைப் பற்றியது. அவர் நம் சார்பில் காரியத்தை முடித்து நம்மைக் கட்டுப்படுத்துமுன், அளித்த அதிகாரத்தை நாம் திரும்பப் பெறலாம் என்கிறது 203ஆம் பிரிவு. வண்டி புறப்படுமுன் பயணச்சீட்டை ரத்துச் செய்வது போன்றது இது. வண்டி சென்றபின் ஜன்னலருகே நின்று வாதிட்டுப் பயனில்லை.

ஆயினும் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, தரகரிடம் கடன் பெற்று, விற்ற பணத்தில் அதனை எடுத்துக்கொள்ளுமாறு அதிகாரம் கொடுத்திருப்போமாயின், 202ஆம் பிரிவின்படி எளிதில் விலக்க இயலாது. இரண்டாவது, குறித்த தவணைக்குமுன் தக்க காரணமின்றி விலக்கினால், 205ஆம் பிரிவு நம்மை நஷ்டஈடு தரச் சொல்லும். ஆகையால் விளம்பரம் செய்யாமை, கடிதங்களுக்கு மறுமொழி தராமை போன்ற காரணங்களைத் தேதியுடன் குறித்து வைத்தல் நலம். மூன்றாவது, 206ஆம் பிரிவின்படி நியாயமான முன்னறிவிப்பும் தருதல் வேண்டும்.

வாய்ச்சொல் போதாது. ஒப்பந்தத் தேதி, வீட்டின் விவரம், விலக்கும் காரணம், எந்நாள் முதல் என்பது ஆகியவற்றை எழுதி, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புக. தரகருக்குத் தெரிந்த பின்னரே விலக்கு அவரைப் பொறுத்தவரை செல்லும். பிறரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பின்னரே செல்லும் என்பது 208ஆம் பிரிவு. எனவே அவர் அழைத்து வந்தவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்தியைத் தெரிவித்துவிடுக.

அவர் யார் யாருக்கு வீட்டைக் காட்டினார் என்ற பட்டியலையும் எழுதி வாங்குக. அவர்களுள் ஒருவரே பின்னர் வாங்கினால் தரகு கேட்டு வழக்கு வரக்கூடும். தரகு பற்றிய வாசகத்தை ஒப்பந்தத்தில் ஊன்றிப் படித்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும். சாவியையும் பத்திர நகல்களையும் திரும்பப் பெறுக. மூலப்பத்திரத்தை முதலிலேயே எவரிடமும் கொடாதிருத்தல் உத்தமம்.

அவர் பெயருக்குப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், கடிதத்தோடு நில்லாமல் ரத்துப் பத்திரமும் பதிவு செய்தல் அவசியம். தொலைவிலிருக்கும் நமக்கு இதுவே பெரிய ஆபத்து. ரத்தாகாத பத்திரம் கையிலிருக்கும் வரை, நாம் அறியாமலே வீடு கைமாற இடமுண்டு. இதற்கு மட்டுமேனும் ஊர் வழக்கறிஞர் ஒருவரின் துணையை நாடுக.

இனிக் கையொப்பமிடப்போகும் அன்பர்கள் தவணையை மூன்று மாதத்திற்குள் அடக்கி, ‘பதினைந்து நாள் அறிவிப்பில் இரு தரப்பாரும் விலகலாம்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லட்டும். அவ்வரிக்கு இணங்காத தரகரிடம் பெற்றோர் கட்டிய வீட்டை ஒப்படையாதிருப்பதே நன்று.