நஷ்டம் யார் தலையில்?

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவர் கணக்கிலிருந்து ஏடிஎம் வழியாகப் பணம் காணாமல் போனால், வங்கியின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கள் கணினி தவறு செய்யாது. நீங்கள் எடுத்திருப்பீர்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டில் யாரோ எடுத்திருப்பார்கள். புகார் கொடுத்தவரையே மோசடிக்காரராக்கிக் கூண்டில் ஏற்றியதும் உண்டு. ஒரு போலீஸ்காரர் அப்படிக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில்தான் மீண்டார்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த ராஸ் ஆண்டர்சன் இந்தப் புகார்களைத் திரட்டி ஆராய்ந்து, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரகசியக் குறியீட்டை உடைக்கும் கணித மேதை யாரும் அதில் இல்லை. இருந்ததெல்லாம் சில்லறைத்தனம். அன்று ஏடிஎம் ரசீதில் முழுக் கணக்கு எண்ணும் அச்சாகும். வரிசையில் நின்று பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, கீழே போட்ட ரசீதைப் பொறுக்கினால் போலி அட்டைக்கு அதுவே போதும். ஒரு சிறு நிறுவனமோ, நிரலில் நேர்ந்த பிழையால், தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே பின் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தது! விமானம் விழுந்தால் விசாரணை அறிக்கை வெளியாகிறது. வங்கியில் ஓட்டை விழுந்தால் மூடி மறைக்கிறார்கள், அதனால் யாரும் பாடம் கற்பதில்லை என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் கதை வேறு. 1980இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, கணினியின் பதிவை நம்பாமல் வாடிக்கையாளர் சொன்னதை நம்பியது. அதன்பின் அங்கே நஷ்டம் வங்கியின் தலையில் விழுந்தது. அப்படியானால் அமெரிக்க வங்கிகள் பாதுகாப்புக்கு அதிகம் செலவழித்திருக்க வேண்டுமே? இல்லை, பிரிட்டிஷ் வங்கிகள்தான் அதிகம் செலவழித்தும் அதிகம் ஏமாந்தன. புகார் சொல்பவர்களைப் பொய்யர்களாக்கப் பழகிய ஊழியர்களுக்கு அக்கறை போய்விட்டது என்று ஆண்டர்சன் பின்னாளில் எழுதினார். மின்னணுக் குற்ற ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்: பூட்டை மாற்றுவதற்கு முன், திருட்டுப் போனால் யார் அழ வேண்டும் என்பதை மாற்ற வேண்டும்.

ஆய்வின் முறையும் மாறியது. அன்று கையில் இருந்தவை வழக்குக் கட்டுகளும் ஏமாந்தவர்களின் கடிதங்களும். 2008இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள்ளேயே, அதாவது திருட்டுத்தனமாகக் கைப்பற்றிய கணினிகளின் வலைக்குள்ளேயே, நுழைந்து ஸ்பேம் வியாபாரத்தை அளந்தார்கள். 26 நாட்களில் சுமார் 35 கோடி மின்னஞ்சல்கள் போயின, விற்பனையாகியிருக்கக்கூடியது 28. அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லை என்பதால்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் ஆய்வாளர்கள் தாங்களே பணம் கட்டிப் பொருள் வாங்கிப் பார்த்தார்கள். ஸ்பேம் விளம்பரம் செய்யும் மருந்து, போலிச் சரக்கு, மென்பொருள் ஆகியவற்றில் 95 சதவீதத்துக்குப் பணம் வசூலித்துக் கொடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகளே. ஆயிரம் இணையதளங்களை முடக்குவதைவிட அந்தச் சில வங்கிகளின் கதவை அடைப்பது மேல் என்று அப்போதுதான் புரிந்தது.

கார்டில் சிப் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். பிரிட்டனில் 2006இல் கடைகளிலும் பின் எண் கட்டாயமானது. 2010இல் கேம்பிரிட்ஜ் குழு, திருடிய கார்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சிறு கருவியை வைத்து, எந்த நான்கு எண்ணை அழுத்தினாலும் சரியான பின் என்று இயந்திரத்தை நம்பவைத்தது. இதை விளக்கிய மாணவர் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து நீக்கும்படி கார்டு நிறுவனங்களின் சங்கம் கேட்டது, ஆண்டர்சன் மறுத்தார். அடுத்த ஆண்டே, பிரான்சில் திருடிய கார்டுகளைக் கொண்டு ஒரு கும்பல் அதே உத்தியால் கொள்ளையடித்தது தெரியவந்தது. சிப்பின் மேல் இன்னொரு சிப்பை ஒட்டியிருந்தார்கள்.

ஆண்டர்சன் 2024 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் புதிய விதி வந்தது. ஏமாற்றுப் பேச்சை நம்பி ஒருவர் தானே பணம் அனுப்பியிருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கிக்குப் பாதி, பெற்ற வங்கிக்குப் பாதி. 1993இல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நம் நாட்டில் அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை. ஆனாலும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை வங்கியின்மீதே வைத்தது. பணம் போனது தெரிந்தவுடன் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். உங்கள் தவறுதான் என்று வங்கி சொன்னால், எப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.