பழைய காரின் இன்ஜினைச் சுத்தம் செய்யும் முன்

மாருதி 800 தயாரிப்பு 2014-லும் ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டன. ஆனாலும் நம்மில் பலர் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் இன்னமும் அந்த வண்டிகளில்தான் போகிறோம். பெருநாளுக்கு முதல் நாள் வாட்டர் வாஷ் விடும்போது, "இன்ஜினுக்கும் சேர்த்து அடிங்க பாய்" என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. மறுநாள் காலை தொழுகைக்குக் கிளம்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

காரணம் எளிது. கார்புரேட்டர் வைத்த பழைய 800-இல் மூன்று பிளக் வயர்களும் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால், மின்பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். வயதான வயர்களின் ரப்பர் வெடித்திருக்கும். அதனால் புது வண்டி தாங்கும் பிரஷர் தண்ணீரை இது தாங்காது.

அதற்காக அழுக்கை அப்படியே விடவும் கூடாது. நம் ஊரில் தறிப் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். பஞ்சுத் தூசி ஆயில் கசிவில் ஒட்டி, மெத்தை போலப் படிந்திருக்கும். சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் அது இருந்தால் தீப்பிடிக்க வழியுண்டு. எலி கொண்டுவந்து சேர்க்கும் குப்பையும் அப்படித்தான்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்டுங்கள். பஞ்சையும் மண்ணையும் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பிசுக்குக்கு இன்ஜின் டிகிரீசர், அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீர் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டின் அடியில் இருப்பதால் ஈரத்துணிக்கு மேல் எதுவும் வேண்டாம். கேஸ் கிட் இருந்தால் அதன் குழாய்களை அசைக்காதீர்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஊற்றித் தேய்ப்பது பழைய பழக்கம். பளபளப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆவி தீயைப் பிடிக்கும், ரப்பர் ஹோஸ் உப்பிப் போகும். வேண்டவே வேண்டாம். பளபளப்புக்கான ஸ்பிரேயும் ஃபேன் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி அமிலம் கலந்தது. கையுறை போட்டுக்கொண்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பேட்டரித் துவாரங்களுக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. பிள்ளைகளையும் பீடி சிகரெட்டையும் தள்ளியே வையுங்கள்.

கவர்களை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்தே வெயிலில் விடுங்கள். உள்ளே விட்ட துணி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். அப்போது பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.