கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு போகும் பழைய ஜீப் ஒவ்வொரு வளைவிலும் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தே ஆக வேண்டும். மலையிறங்கும்போதும் அதே கதைதான். ஒருமுறை போய்வந்தால் அந்த ஒரே மாற்றம் 80 தடவை. சத்தியமங்கலம் பக்கம் திம்பத்தில் 27 வளைவுகள், நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 70. சமவெளியில் ஓடும் வண்டிக்குத் தெரியாத பாட்டை மலையோரத்து வண்டியின் கியர் பாக்ஸ் தினமும் படுகிறது.

அதனாலேயே இங்கே ஒரு முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுகிறது. "செகண்டு உழுகமாட்டீங்குதுங்க" என்று வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால், பல இடங்களில் முதல் பதில், "பாக்ஸை எறக்கிப் பாத்தரலாமுங்க." கிளட்ச்சை மிதித்துப் பார்ப்பதில்லை, ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. என் ஆதங்கமெல்லாம் இந்த அவசரத்தின் மேல்தான். லீவர் இறுகுவதற்கான காரணங்களில் பல பாக்ஸுக்கு வெளியே இருக்கின்றன. வெளியே இருக்கும் கோளாறுக்காக உள்ளே கையை விட்டால், நன்றாக இருந்த பாக்ஸும் கெட்டுத் திரும்பும். அப்படிக் கெட்டால் மாற்றுச் சாமானும் எளிதில் கிடைக்காது. மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. ராணுவம், வனத்துறை, காவல்துறை என எங்கும் ஓடியது. 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பதும் நின்றுவிட்டது. மஹிந்திராவின் எம்.எம்.540 அதற்கும் முன்பே போய்விட்டது. இனி இந்த வண்டிகளுக்குப் பல்சக்கரம் ஒவ்வொன்றும் தேடி எடுக்க வேண்டிய பொருள்.

முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கிளட்ச்சை மிதித்து, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான் விழ வேண்டும். இன்ஜின் நின்றிருந்தாலும் இறுக்கமாகவே இருந்தால் லீவர், புஷ், ராடு, ஆயில் என்று தேட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

கிளட்ச் முழுசாகக் கட் ஆகிறதா என்பதை ரிவர்ஸ் கியர் சொல்லும். இந்த வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் வேகங்களைச் சமமாக்கும் ரிங், கிடையாது. இன்ஜின் ஐடிலில் ஓட, பெடலை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அந்த இடைவெளியில் உள்ளே சுழலும் ஷாஃப்ட் தானாக நின்றிருக்க வேண்டும். அப்போதும் 'கர்ர்' என்று பல் உரசினால், பெடல் கீழே இருந்தும் இன்ஜின் இன்னும் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முன் ஐடில் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய கார்புரேட்டர் ஜிப்ஸியில் ஐடில் ஏறிக் கிடந்தால், நல்ல கிளட்ச்கூடக் கெட்டதுபோல நடிக்கும்.

ஜிப்ஸியில் கிளட்ச்சை இழுப்பது கேபிள். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கேபிள் நீண்டுவிட்டால், பெடல் முழுதாகக் கீழே போனாலும் மறுமுனையில் இழுப்பு குறையும். பெடலில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஃப்ரீ பிளே இருக்கலாம். அதைவிட வெகுவாகக் கூடியிருந்தால் அட்ஜஸ்ட் செய்தாலே வண்டி பிழைத்துவிடும். பெடல் புஷ் தேய்வதும், ஃபோர்க் வளைவதும் இதே வேலையைச் செய்யும். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியென்றால் ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போய்விட்டது. சில நூறு ரூபாயில் தீரக்கூடிய வேலைக்கு பாக்ஸை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லையென்றால் காரணம் உள்ளே, ஃப்ளைவீல் பக்கம். தோட்டத்துச் சாளையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், மழை ஈரத்தில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஷாஃப்டின் பல்வரிகளில் துருவும் தூசியும் சேர்ந்தால் பிளேட் முன்னும் பின்னும் நகராது. ஃப்ளைவீலின் நடுவில் ஒரு சின்ன பேரிங் இருக்கிறது, பைலட் பேரிங். அது இறுகிப்போனால், கிளட்ச் எவ்வளவு ஒழுங்காகப் பிரிந்தாலும் இன்ஜின் அந்த பேரிங் வழியாகவே ஷாஃப்டைச் சுற்றும். கிளட்ச் மாற்றும்போது விலை மலிவான இந்தச் சாமானை மாற்றாமல் விடுவது பெரிய தவறு. புதுப் பிளேட் போட்ட மறுநாளே கோளாறு ஆரம்பித்திருந்தால், பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பாக்ஸை ஏற்றும்போது அதன் முழு எடையையும் பிளேட்டின் மேல் தொங்கவிட்டாலும் பிளேட் கோணிக்கொள்ளும். கோணிய பிளேட் ஒருபோதும் முழுசாகப் பிரியாது.

இனி ஆயில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. பல பட்டறைகளில் கியர் பாக்ஸுக்கும் பின்பக்க கிரவுனுக்கும் ஒரே டின்னிலிருந்துதான் ஊற்றுகிறார்கள். இரண்டுக்கும் உரிய ஆயில்களிலும் 90 என்று எழுதியிருக்கும். ஆனால் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்ற வித்தியாசத்தை யாரும் படிப்பதில்லை. கிரவுனில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தோடு சறுக்குகின்றன. அதைத் தாங்க ஜி.எல்.5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரு மடங்கு. கியர் பாக்ஸின் தேவை வேறு. அங்கே பித்தளை சிங்க்ரோ ரிங், கியரின் கூம்பைப் பிடித்து உரசித்தான் இரண்டு வேகங்களையும் சமமாக்குகிறது. உரசலே அதன் தொழில். அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் ரிங்குக்குப் பிடிப்பு கிடைக்காது. கியர் தயங்கும், பல் உரசும். பழைய வகை ஜி.எல்.5 பித்தளையையே அரிக்கும். இன்றைய ஆயில்களில் அந்த அரிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் வழுக்கல் குறையவில்லை. எனவே வண்டியின் கையேடு ஜி.எல்.4 என்று சொன்னால் அதையே கேட்டு வாங்குங்கள்.

காலையில் மட்டும் இறுக்கம், பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் சரியாகிறது என்றால் ஆயில் கெட்டியாக இருக்கிறது. ஊட்டி, கோத்தகிரி மார்கழிக் குளிரில் இது சகஜம். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. தெங்குமரஹடாவுக்கு மாயாற்றைக் கடந்து போகும் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் பாக்ஸ் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மேலே உள்ள பிரீதர் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலைத் திறந்தால் பால் விட்ட டீ போல இருக்கும். ஆற்றில் இறங்கி வந்த வண்டிக்கு அந்த வாரமே ஆயில் பார்ப்பது நல்லது. ஜிப்ஸியில் கியர் பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். ஒன்றில் ஆயில் பார்த்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜின் நின்றிருந்தும் இறுக்கமாக இருந்தால் லீவரின் அடியைப் பிரித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் புஷ்ஷும் தேய்ந்தால், லீவர் கையில் கொழகொழவென்று ஆடும், ஆனால் கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியாது. இன்ஜின், பாக்ஸ் தாங்கும் ரப்பர் மவுன்ட்கள் உட்கார்ந்துபோனாலும் லீவர் தள்ளும் கோணம் மாறும். கோவையில் இந்த வகைக் கோளாறுக்கு ஒரு வசதி உண்டு. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் பம்புக்கும் மில்லுக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கடையில் கிடைக்காத புஷ்ஷைத் தேய்ந்த மாதிரியைப் பார்த்து, சரியான அளவைக் கணித்துக் கடைந்து கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ஓடுதளமே இருக்கிறது. இல்லாததைச் செய்துகொள்ளும் துணிவு இந்த ஊரின் பழக்கம். பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

எல்லாவற்றையும் தாண்டி, ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, மேல் கியரிலிருந்து இறக்கும்போது உரசினால், அப்போது சிங்க்ரோவைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த ஒரு வழி, பழைய லாரி ஓட்டுநர்களின் டபுள் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்ஸிலேட்டர், மறுபடி மிதித்து கியர். இப்படிச் செய்தால் சத்தமின்றி விழுகிறதா? சிங்க்ரோவின் வேலையை உங்கள் கால் செய்துவிட்டது. அந்த ரிங் ஓய்ந்துவிட்டது. 1928-இல் காடிலாக் சிங்க்ரோவைக் கொண்டுவரும் வரை உலகத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் ஓட்டினார்கள். மஹிந்திரா முதலில் கூட்டி விற்ற வில்லிஸ் ஜீப்பின் மூன்று கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. அப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டு, ஓடும்போது முதல் கியர் விழவில்லை என்று பட்டறைக்குப் போகாதீர்கள். வண்டி நிற்கட்டும், பிறகு போடுங்கள்.

சிங்க்ரோதான் என்று உறுதியானால் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கிய பிறகு சிக்கனம் வேண்டாம். எல்லா ரிங்கும், பேரிங்கும், ஆயில் சீலும், பைலட் பேரிங்கும், கிளட்ச் பிளேட்டும் அந்த ஒரே வேலையில் மாறட்டும். புது ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் இடையே ஃபீலர் கேஜ் நுழைத்து இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரிங்கையும் அதே இடத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழையதில் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்திருந்தால் தேடல் சரியான இடத்தில்தான் முடிந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு காட்டினால், பாக்ஸை மூடுவதற்கு முன் கிளட்ச்சை இன்னொரு முறை பாருங்கள்.