மின்சாரத்துக்கும் பந்தி உண்டு

கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் சாப்பாட்டுக் கூடத்தை இருநூறு, முந்நூறு பேருக்குத்தான் கட்டுகிறோம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள் என்ற கணக்குதான். தெரு டிரான்ஸ்ஃபார்மரின் அளவும் இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. பிரிட்டனில் ஒரு தெருவின் உச்சத் தேவையை வீடுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால், வீட்டுக்கு ஏறத்தாழ 2 கிலோவாட்தான் வரும். அங்கே சுவரில் மாட்டும் கார் சார்ஜர் ஒன்றோ 7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் எல்லாரும் காரைச் செருகினால், அந்தப் பந்திக் கணக்கு உடைந்துபோகும்.

இதனால் மின்சாரக் காரே ஆகாது என்று முடிவுகட்டுவது அவசரம். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் கார், ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போனால் ஏழு யூனிட்கூடச் செலவாகாது. அதை ஏற்ற ஒரு மணி நேரம் போதும். கார் வீட்டில் நிற்பதோ இரவு முழுவதும். ஆகவே கவலைப்பட வேண்டியது எத்தனை யூனிட் என்பதைப் பற்றியல்ல, எந்த நேரத்தில் என்பதைப் பற்றித்தான்.

இரவுக் கட்டணத்தைக் குறைத்தாலே போதாதா? போதாது. சலுகை நள்ளிரவில் தொடங்கினால், டைமர் வைத்த சார்ஜர்கள் அத்தனையும் பன்னிரண்டு அடிக்கும் நொடியில் விழித்துக்கொள்ளும். உச்சம் குறையாது, இடம்தான் மாறும். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய ஆட்டம் முடிந்ததும், பிரிட்டனின் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. தேநீருக்குக் கெட்டில் போட எழுந்த மனிதர்களே இவ்வளவு செய்தார்கள் என்றால், நொடி பிசகாத கடிகாரங்கள் என்ன செய்யும்? 2022 ஜூன் 30 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிகள் இதற்கு விடை சொல்கின்றன. வீட்டு சார்ஜர்கள் வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் தாமாக இயங்காதபடி அமைக்கப்பட்டே வரவேண்டும். மற்ற நேரத்திலும் ஒவ்வொன்றும் தன்போக்கில் பத்து நிமிடம் வரை தாமதித்தே தொடங்கும். குலுக்கல் போன்ற இந்தச் சிறு தாமதம்தான் கூட்டத்தைப் பந்திகளாகப் பிரிக்கிறது.

ராத்திரி அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால்? உரிமையாளர் இந்த ஏற்பாட்டை மீறி உடனே சார்ஜ் ஏற்றலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. இணையத்தோடு இணைந்த சார்ஜர்களை விஷமிகள் கைப்பற்றினால் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அதனால்தான் அதே விதிகளில் பாதுகாப்புக் கட்டாயங்களும் சேர்ந்தன. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீராதா என்றால், தீரும். கார்கள் பெருகும்போது சில தெருக்களில் வைத்தே ஆகவேண்டும். ஆனால் மாலையில் ஓரிரு மணி நேர நெரிசலுக்காக எல்லாத் தெருக்களிலும் வைத்தால், அந்தச் செலவு கார் இல்லாத வீட்டின் மின்கட்டணத்திலும் வந்து விழும். காருக்குத் தேவை விடிவதற்குள் ஒரு மணி நேர மின்சாரம். அதை முதல் பந்தியில் வாங்கினால் என்ன, மூன்றாம் பந்தியில் வாங்கினால் என்ன?