வெள்ளைத் துப்பட்டியும் ரோஜாப்பூப் படமும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயில் கவரைப்பேட்டையில் ஒரு நிமிஷம்கூட முழுசாக நிற்காது. மகளிர் பெட்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்ததும் என் தோழியின் மகள் முதலில் செய்கிற வேலை, தலைக்குப் பின்னால் கையைவிட்டு நிகாபின் முடிச்சைத் தளர்த்துவது. கறுப்புத் துணி சரிந்து தாடைக்குக் கீழே இறங்கும். பையிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். பிறகு அப்படியே விட்டுவிடுவாள். பொன்னேரியில் கூட்டம் ஏறி, யாராவது செல்ஃபிக்குப் போனை உயர்த்தினால் மட்டும் துணி மறுபடி மூக்குக்கு மேலே போகும். ஆண்களே இல்லாத பெட்டியில் எதற்கு இந்த மறைப்பு என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்த போட்டோ எங்கெங்க போகும்னு எடுத்தவங்களுக்கே தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

அவளுக்கு ஃபேஸ்புக் கிடையாது, இன்ஸ்டாகிராம் கிடையாது. வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிறாள். அதிலும் முகப்புப் படமாக ஒரு ரோஜாப்பூ. இருபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை.

இவளுடைய பாட்டி பழவேற்காட்டுக்காரர். எங்கள் தெருவே அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடும். இப்போது எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது கட்டிக்கொண்டு வந்தது வெள்ளைத் துப்பட்டி. தலை முதல் கால்வரை ஒரே துணி. முடிச்சும் கிடையாது, ஊசியும் கிடையாது. வெளியே போனால் ஒரு கை துப்பட்டிக்கே போய்விடும். முகத்துக்கு நேரே அதைச் சேர்த்துப் பிடித்து, பாதை தெரிகிற அளவுக்குக் கண்ணுக்கு மட்டும் இடம் விட வேண்டும். குழந்தையோ பையோ, மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சமிருப்பது ஒரே கை. மாட்டுவண்டியில் போனால் முன்னும் பின்னும் வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுவார்களாம். "ஊரைப் பாத்ததே கெடையாதும்மா, வண்டி ஓட்டை வழியா மாட்டோட முதுகத்தான் பாத்தேன்" என்று ஒருமுறை சொன்னார்.

இரண்டாவது பிரசவம் சிக்கலானபோது அவரைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 1885இல், திரைக்குள் இருந்த கோஷா பெண்களையும், அந்நிய ஆணிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளாத மேல்சாதி இந்துப் பெண்களையும் மனதில் வைத்துத் தொடங்கியது அது. பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். திரை முஸ்லிம் வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை என்பதற்கு அந்த ஆஸ்பத்திரியே சாட்சி.

என் தோழி, பாயம்மாவின் மகள், என்னோடு பத்தாவதுவரை படித்தவள். வயதுக்கு வந்ததோடு அவளுடைய பெரியப்பா மகள்களை நிறுத்திவிட்டார்கள். இவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துதான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தாள். தொண்ணூறுகளில் அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது பெட்டியில் கறுப்பு அங்கி வந்தது. வளைகுடாச் சம்பாத்தியமும் புதிய மார்க்கப் பிரச்சாரமும் சேர்ந்து, தமிழ்நாட்டு முஸ்லிம் தெருக்களில் வெள்ளைத் துப்பட்டி மறைந்து கறுப்பு பர்தா வந்த காலம் அது. கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தாள். பிறகு முகத்திரையைக் கழற்றி வைத்தாள். சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தாள். அதற்கு அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அவளிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்த புத்தகம் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, வீட்டுக்குள் இருந்தபடி புனைபெயரில் எழுதியவர் சல்மா. 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1938இல், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டுவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்தும் குரல் வெளியே வந்திருக்கிறது. ஆனால் சல்மாவுக்கு அந்தக் குரலுக்கு வேறொரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் புனைபெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்ணின் ரோஜாப்பூப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் கவரைப்பேட்டையும் அப்போதிருந்த ஊர் இல்லை. ஜி.என்.டி. சாலை ஓரத்தில் வயலும் புளியமரமுமாக இருந்த ஊருக்கு 1995இல் பொறியியல் கல்லூரி வந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கம்பெனி ஷிப்டுக்கு ஸ்கூட்டியில் போகும் பெண்கள், லாரிப் புழுதிக்கும் வெயிலுக்குமாக துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கண்கள் மட்டும் தெரியப் போகிறார்கள். அவர்களை நிறுத்தி, துணியை எடு என்று யாரும் சொன்னதில்லை. 2020 வந்தது, ஊரே முகத்தை மூடியது. மூடாமல் வந்தால் 200 ரூபாய் அபராதம். பொது இடத்தில் முகத்தை மூடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்து, 150 யூரோவரை அபராதம் என்று வைத்திருந்த பிரான்ஸ், அந்த வருஷம் ரயிலில் முகக்கவசம் இல்லாதவர்களுக்கு 135 யூரோ அபராதம் போட்டது. "இப்ப எல்லாரும் எங்க ஆளுங்க மாதிரி ஆயிட்டாங்க" என்று பாயம்மா சிரித்தார். தோழிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நிகாப் போட ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான். முகக்கவசத்திலிருந்து நிகாபுக்கு அவள் போனது யாருக்கும் உறுத்தவே இல்லை.

முகத்திரை பற்றி நம் நீதிமன்றமும் பேசியிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் கோஷா பெண்களின் படத்தைப் போடக் கூடாது என்று கேட்ட வழக்கை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது எனக்குச் சரியாகவே படுகிறது. வாக்குச்சாவடியில் ஒரு பெண் அலுவலரிடம் முகத்தைக் காட்டி வாக்களிப்பதில் யாருடைய மானமும் போய்விடாது. விதியிலேயே அதற்கு இடமிருக்கிறது. ஆனால் 2022 பிப்ரவரியில் மேலூரில் நடந்தது வேறு. உள்ளாட்சித் தேர்தலில் ஹிஜாபோடு வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கட்சி முகவர் எதிர்ப்புத் தெரிவித்தார். மற்றவர்கள் எதிர்த்து நின்றார்கள், அவர் வெளியேற்றப்பட்டார். ஹிஜாப் தலையைத்தான் மூடும், முகத்தை மூடாது. அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல்தான் பாதி விவாதம் நடக்கிறது.

அதே குளிர்காலத்தில்தான் உடுப்பியில் மாணவிகள் ஹிஜாபோடு கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி, 'புல்லி பாய்' என்ற செயலியில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்கள் ஏலத்துக்கு என்று போடப்பட்டிருந்தன. பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என முகத்தைத் திறந்து, பெயரைச் சொல்லி, பொதுவெளியில் பேசியவர்கள் அவர்கள். 2021 ஜூலையிலும் 'சல்லி டீல்ஸ்' என்று இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. ஒரு பக்கம் திற என்கிறார்கள், திறந்தவளை ஏலம் போடுகிறார்கள். அந்தச் செய்தியைத் தோழியின் மகள் போனில் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த வாரமே அவள் இன்ஸ்டாகிராமை அழித்தாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் 2019இலேயே முகத்திரைத் தடையும் போன் வழி வெறுப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த ஏப்ரல் 21 அன்றே இலங்கை அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. 29ஆம் தேதி முகம் மூடுவதற்குத் தடை அமலுக்கு வந்தது. மறுநாள் சமூக ஊடகத் தடை நீங்கியது. ஊடகம் திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஒரு ஃபேஸ்புக் பதிவை வைத்து சிலாபத்தில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. முகத்தைத் திறக்கச் சொன்ன அரசால் போனுக்குள்ளிருந்து வந்த வெறுப்பைத் தடுக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் போன் ஒரு பெண்ணின் முகத்தைத் தேடி வந்தது 2024 அக்டோபர் 11 அன்று. ஆயுத பூஜை. இரவு எட்டரை மணி. மைசூரிலிருந்து தர்பங்கா போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போகாமல் லூப் லைனுக்குள் நுழைந்து, நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, அதை நினைத்தால் இன்னமும் கை கூப்பத் தோன்றுகிறது. பூஜைக்குப் போட்ட பொரியும் சுண்டலும் வாசலிலேயே கிடக்க, ஊர் ரயில் பாதைக்கு ஓடியது. பயணிகளைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். நானும் தோழியும் பிரெட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனோம்.

மண்டபத்துத் தூணோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வகிட்டில் குங்குமம், மடியில் குழந்தை, புருவத்துக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது. நாலைந்து பையன்கள் போன் விளக்கைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். அவர் என்னவோ இந்தியில் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பை முன்னால் இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். ரத்தம் துணியில் ஒட்டியது.

"எடுக்காதீங்கப்பா" என்றாள் தோழி.

"லைவ் போயிட்டிருக்குக்கா" என்றான் ஒருவன், விளக்கை அணைக்காமலே.

தோழி போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டாள். தன் முந்தானையை விரித்துத் திரைபோலப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன்கள் கலைகிறவரை நின்றாள். மூன்று நாள் பட்டினி கிடந்து பள்ளிக்கூடம் போனவள், அண்ணன் வாங்கி வந்த முகத்திரையைக் கழற்றி வைத்தவள் அவள். மறுநாள் காலை அந்த வீடியோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. முகம் மூடுவதற்கு முன்னால் எடுத்தது. தோழி குழுவிலிருந்து வெளியேறினாள். அந்த வாரமே ஃபேஸ்புக்கையும் மூடினாள். 2012இலிருந்து தன் சொந்த முகத்தைப் போட்டு வைத்திருந்த கணக்கு. "அதுல வீட்டு போட்டோல்லாம் இருந்துச்சே" என்றேன். "பிரின்ட் போட்டுட்டேன்" என்றாள்.

இதற்குப் பிறகும் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை ஓயவில்லை. நிகாபைப் பார்த்தாலே தோழிக்கு வயிறு எரிகிறது.

"நான் சண்ட போட்டுக் கழட்டினதத்தானடி நீ எடுத்துக் கட்டிக்கற?"

"நீங்க கழட்டினது உங்க இஷ்டம்மா. கட்டறது என் இஷ்டம். ஃபேஸ்புக்க மூடச் சொல்லி உங்கள யாராவது சொன்னாங்களா?"

தோழி பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. மூச்சுவிடும்போது உள்ளே வெளியே போய்வரும் அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. அதை மறைக்க மாட்டேன். இஷ்டம் என்று சொல்ல வாயில்லாமல் அதைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். தங்கையின் போனை அண்ணன் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவளே விட்டுட்டா என்று சொல்கிற வீடுகளும் இதே ஊரில் எனக்குத் தெரியும். அதில் எல்லா மதமும் உண்டு, எல்லாச் சாதியும் உண்டு. ஆனால் இந்தப் பெண்ணின் முடிச்சு அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் பார்க்கிறேனே.

போனில் முகத்தை மறைப்பது இவள் மட்டும் செய்வதும் இல்லை. 2017இல் ஃபேஸ்புக் நிறுவனமே முகப்புப் படத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி காக்கும் ஒரு வசதியை இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. இங்கே பெண்கள் பயந்துபோய்த் தங்கள் முகத்தைப் போடாமலே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அதைச் செய்தார்கள். இந்தப் பெண் அப்போது பள்ளி மாணவி. அவள் வகுப்பில் பாதிப் பேர் பூவும் பொம்மையும் நடிகையும்தான் படமாக வைத்திருந்தார்களாம்.

போன வெள்ளிக்கிழமை பாயம்மாவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டில் சிறுவயதில் கற்ற கை. சாயம் தோய்த்த சிவப்பு ஓலையைப் பச்சை ஓலைக்கு அடியில் நுழைத்து, நகத்தால் அழுத்தி, மறுபுறம் இழுக்கிறார். பேத்தி அந்தப் பெட்டிகளைப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். படத்தில் பாட்டியின் விரல்கள் மட்டும் இருக்கும். பக்கத்தில் போன் அடித்தது. துபாயிலிருக்கும் மகன், வீடியோ அழைப்பில். பாயம்மா ஓலையைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டு, காதோரம் தொங்கிய முடியை உள்ளே தள்ளினார். பிறகு முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தொட்டார்.