கடைவீதியும் சமபந்தியும்

நுழையும்முன்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கடைவீதியின் உணவகங்களைக் காணுதல் வேண்டும். அங்கு என்ன சமைக்கின்றனர்? யார் யார் உண்கின்றனர்? எவ்வாறு அமர்ந்து உண்கின்றனர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால் அவ்வூரின் வரலாறே விளங்கும். நாம் நாள்தோறும் காணும் ஒரு வீதியிலிருந்து தொடங்குவோம்.

அபர்தீன் கடைவீதி

புரோத்ராபூரிலிருந்து பேருந்தில் போர்ட் பிளேர் நகருக்குச் செல்வோர் அபர்தீன் கடைவீதியை நன்கு அறிவர். (இந்நகர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது.) மணிக்கூண்டைச் சுற்றியுள்ள அவ்வீதிகளில் ஒரு கடையில் தோசைக்கல் காய்கிறது, இன்னொன்றில் கடுகெண்ணெயில் மீன் பொரிகிறது, மற்றொன்றில் பரோட்டா மாவு விசிறப்படுகிறது.

இவ்வுணவுகள் ஒருங்கே வந்தவை அல்ல. 1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இத்தீவில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். நாடு பிரிவினையுற்ற பின்னர்க் கிழக்கு வங்கத்து மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் தொழில் நாடி வந்தனர். ஒவ்வொரு மக்களும் தத்தம் அடுப்பையும் உடன் கொணர்ந்தனர் எனலாம். மீனும் தேங்காயும் தீவிலேயே கிடைக்கின்றன. அரிசியும் பருப்பும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகின்றன. ஆதலால் இங்கு உண்ணும் ஒரு பிடி சோற்றிலும் கடற்பயணம் கலந்திருக்கிறது.

பழந்தமிழர் அங்காடி

உணவு விற்கும் வீதிகள் தமிழருக்குப் புதியன அல்ல. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, பாண்டியர் தலைநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. பலாச்சுளை, மாங்கனி, காய்வகைகள், இனிப்புப் பண்டங்கள், கிழங்குகள், ஊன் கலந்த சோறு ஆகியவற்றை மக்கள் பல இடங்களில் உண்டதை அந்நூலால் அறிகிறோம். அப்பம் விற்போர் ‘கூவியர்’ எனப்பட்டனர். நள்ளிரவில் அவர்கள் வேலை ஓய்ந்து உறங்கியதையும் புலவர் குறிப்பிடத் தவறவில்லை. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்திலும் கூவியரைக் காண்கிறோம். மதுரையில் இன்றும் இரவு நெடுநேரம் வரை இட்லிக் கடைகள் திறந்திருக்கின்றன.

பிரிந்திருந்த பந்தி

எனினும், கடை திறந்திருப்பது வேறு. எல்லார்க்கும் திறந்திருப்பது வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்து உணவகங்கள் பலவற்றில் சாதிக்கொரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. சிலர் உள்ளே நுழையவே இயலாது. பணம் கொடுத்தும் வெளியே நின்று உண்ண வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக்குவளைகள் வைக்கப்பட்டிருந்தன. இதனை ‘இரட்டைக் குவளை முறை’ என்பர்.

ரயில் நிலைய உணவகங்களிலும் இத்தகைய பிரிவினை நிலவியது. தந்தை பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் இதனை எதிர்த்துப் போராடினர். அதன் பயனாக 1941ஆம் ஆண்டு அப்பிரிவினை நீக்கப்பட்டது.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில் இதற்கு உறுதியான விடை கூறியது. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி, கடைகளிலோ பொது உணவகங்களிலோ எக்குடிமகனையும் தடுத்தல் கூடாது என்பது அதன் கருத்து. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஒரு நாட்டின் தலையாய சட்டம் உணவகத்தைப் பெயர் சுட்டிப் பேசுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. உடன் அமர்ந்து உண்ண மறுப்பது ஒருவரை மனிதராக ஏற்க மறுப்பதே என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். ஆயினும் இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் சில சிற்றூர்களிலிருந்து இன்றும் வருவதுண்டு. சட்டம் வழியைத் திறக்கும். அவ்வழியே நடக்க வேண்டியவர்கள் நாமே.

தீவு கற்பிப்பது

கைதிகளாக இத்தீவுக்கு வந்தோர் சாதியும் மொழியும் கடந்து மணந்து குடும்பம் அமைத்தனர். அவர்தம் வழித்தோன்றல்களிடையே சாதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. துன்பத்தில் பிறந்த நன்மை இது. அபர்தீன் வீதியின் சிறு கடையொன்றில் மூட்டை சுமப்பவரும் அலுவலரும் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்து தேநீர் அருந்துவதை நாம் இயல்பான காட்சியாகக் கடந்து செல்கிறோம். அவ்வியல்பு எளிதில் கிடைத்ததன்று. அதற்காகப் பலர் போராடினர் என்பதை அறிந்தவர்களே அதனைப் போற்றிக் காப்பர்.

சொற்பொருள்

நாளங்காடி – பகற்கடை
அல்லங்காடி – இரவுக்கடை
கூவியர் – அப்பம் விற்போர்
சமபந்தி – வேறுபாடின்றி உடன் அமர்ந்து உண்ணுதல்

பயிற்சி

1. அபர்தீன் கடைவீதியில் பலவகை உணவுகள் கிடைப்பதற்குரிய வரலாற்றுக் காரணங்கள் யாவை?
2. ‘கடை திறந்திருப்பது வேறு; எல்லார்க்கும் திறந்திருப்பது வேறு’ – விளக்குக.
3. ‘நாளங்காடி’, ‘சமபந்தி’ ஆகிய சொற்களைப் பிரித்து எழுதுக.
4. உம் பகுதியில் உள்ள உணவகம் ஒன்றைக் கண்டு, அங்குச் சமைப்போர், பரிமாறுவோர், உண்போர் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.