மூளைக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி

கோடை விடுமுறை வந்துவிட்டால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தோட்டத்துக் கிணறுகளில் சிறுவர்களின் கும்மாளத்திற்குக் குறைவே இராது. "யார் அதிக நேரம் முங்கி இருப்பது?" என்று பந்தயமும் நடக்கும். குதிப்பதற்கு முன் வேகவேகமாக இருபது முறை மூச்சு வாங்கிக்கொண்டால் வெகுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது என் தம்பியின் எண்ணம். அது எத்துணை ஆபத்தானது என்பதை உணர, மூளைக்கு இரத்தம் செல்லும் விதத்தை நாம் அறிதல் வேண்டும்.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 மட்டுமே. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு தமனிகள் நிமிடத்திற்குச் சுமார் 700 மில்லி இரத்தத்தை மூளைக்குக் கொண்டு செல்கின்றன. இவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இது 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது.

மூளைக்குள் பிரியும் சிறு தமனிகளின் சுவரில் தசைகள் உண்டு. அவை தளர்ந்தால் தமனி விரியும், இறுகினால் சுருங்கும். கண்மாய் மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியைப்போல இவற்றை ஆள்வது எது தெரியுமா? கழிவு என்று நாம் வெளியே விடும் கரியமில வாயுவே! இரத்தத்தில் அது மிகுந்தால் தமனியைச் சுற்றிலும் அமிலத்தன்மை கூடுகிறது, தசை தளர்கிறது, இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. அது குறைந்தால் தமனி சுருங்கிவிடுகிறது.

அமெரிக்க அறிஞர்களான சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940-களில் இதை இளைஞர்களிடம் அளந்து காட்டினர். 5 முதல் 7 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது மூளையின் இரத்த ஓட்டம் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியது. வேகவேகமாக மூச்சுவிட்டபோதோ சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் தொடங்கினார். இன்று மூளை அறுவைச் சிகிச்சைகளின்போது, மயக்க மருத்துவர் நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவைக் கருவியில் கவனித்துக்கொண்டே இருப்பார். மூளை வீங்கினால், மூச்சை இயக்கும் கருவியைச் சற்று வேகப்படுத்தித் தமனிகளைச் சுருக்குவதும் உண்டு. நீண்ட நேரம் அப்படிச் செய்தால் மூளைக்கு இரத்தம் போதாமற்போகும் என்பதால், அதைச் சிறிது நேரமே செய்வர்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் பிராணவாயு அதிகம் சேர்ந்துவிடுவதில்லை. அது முன்பே ஏறத்தாழ நிறைந்துதான் இருக்கிறது. வெளியேறுவது கரியமில வாயு. மூளைத் தமனிகள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. மேலும், 'மூச்சு விடு' என்று நம்மை உந்துவதும் பெரும்பாலும் அவ்வாயுவே. அந்த எச்சரிக்கை வருமுன்பே பிராணவாயு தீர்ந்து, முங்கியவன் சத்தமின்றி மயங்கிவிடக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இதே கதிதான்.

தோழியரே! வினாத்தாளைக் கண்டதும் மூச்சிரைத்துத் தலை சுற்றி, விரல்கள் மரத்துப்போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அப்போது அமைதியாக அமர்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள். தணியாவிட்டால் ஆசிரியையிடம் உடனே சொல்லுங்கள்.

இதையெல்லாம் தம்பிக்கு விளக்கினேன். இனி பந்தயம் இல்லை என்று வாக்களித்திருக்கிறான். நாம் வேண்டாமென்று வெளிவிடும் வாயுவுக்கும் ஒரு பணியைத் தந்த இறைவனின் ஞானத்தை என்னென்பது!